மூன்றில் ஒரு பங்கு வயிறு

மலாயா சுதந்திரத்துக்கு முந்திய பத்து வருடங்களில் மலாக்காவின் காஜா பேராங்கில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும், நாள் குறித்த ஐயருக்கு அடுத்தபடியாகச் செய்தி வந்து சேர்ந்தது எனக்குத்தான். நான் அவர்களுக்குச் சொந்தக்காரன் இல்லை. டவுனில் ஓர் அரசாங்க ஆபீசில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்தேன். அதற்காகவும் யாரும் கூப்பிடவில்லை. நான் நன்றாகச் சாப்பிடுவேன் என்பதற்காகக் கூப்பிட்டார்கள்.

அன்றைக்கு என் எடை இருநூற்று அறுபது பவுண்டு. ஆபீசில் எனக்கென்று கைப்பிடி இல்லாத ஒரு தேக்கு நாற்காலி செய்து போட்டிருந்தார்கள். பஸ்ஸில் நான் ஏறினால் பக்கத்து இடத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பந்தியில் முதல் வரிசை, முதல் இலை எனக்கு. சாம்பாருக்கு மூன்று முறை சோறு, ரசத்துக்கு இரண்டு முறை, பிறகு மோர். இடையில் வடை, அப்பளம், பாயசம் எதற்கும் கணக்கு இல்லை. பக்கத்தில் சமையல்காரர் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார். இலையை மூடிவிட்டு நான் ஒருமுறை தலையை ஆட்டினால் சமையல் தேறிவிட்டது என்று அர்த்தம். மறுநாள் கிளேபாங் வரைக்கும் அந்தச் செய்தி போய்விடும். பத்து வருடங்களாக மலாக்காவில் நல்ல சமையலுக்கு நானே அத்தாட்சி. எந்தப் பரீட்சையும் எழுதாமல் எனக்குக் கிடைத்த ஒரே பதவி அது.

இதில் யாருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. எனக்கே தெரியாது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆனால் மேல்வயிற்றில் கங்கு வைத்தது மாதிரி ஒரு வலி வரும். ஏதாவது உள்ளே போனால் அடங்கும். அதைப் பசி என்றே நினைத்தேன். வலித்தால் சாப்பிட்டேன், அடங்கியதும் எழுந்தேன், மறுபடி வலித்தால் மறுபடி சாப்பிட்டேன். ஊர் அதைப் பார்த்து, "மனுஷன் என்னா ரசிச்சுச் சாப்பிடுறாரு" என்றது. நானும் ரசிக்கிறேன் என்றே நம்பினேன்.

ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு, நிலவரிப் பைல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தவன், அந்தப் பைல் மேலேயே ரத்தமாக வாந்தி எடுத்தேன். மேலதிகாரியான வெள்ளைக்காரத் துவான் தன் அறையிலிருந்து ஓடி வந்தார். முதலில் பைலைத்தான் தூக்கினார். பிறகு என்னைத் தூக்க ஐந்து பேரைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் என் வயிற்றைத் திறந்து மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிட்டார். கண் விழித்த மூன்றாம் நாள் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். முதலில் பெரிய பை ஒன்று. அதில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே மிஞ்சியது ஒரு சின்ன மாங்காய் அளவு.

"ஒரு நாளைக்கு ஆறு வேளை, ஒவ்வொரு வேளையும் ஒரு சாஸர். முப்பது தடவை மெல்ல வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. இனிப்பு கூடாது. சாப்பிட்டதும் கால் மணி நேரம் படுக்க வேண்டும்" என்றார்.

"எத்தனை மாதத்துக்கு?" என்று கேட்டேன்.

"வயிறு மறுபடி முளைக்காது" என்றார்.

நான் அங்கே படுத்திருந்த நாட்களில்தான் சுதந்திரத் தேதியை டவுன் திடலில் அறிவித்தார்கள். ஊரே அங்கே போய்விட்டது. வார்டில் நடக்க முடியாதவர்களும் ஒரு நர்ஸும்தான் மிச்சம். அன்றைக்குக் கஞ்சி இரண்டு மணி நேரம் தாமதம். நாட்டுக்குத் தேதி கிடைத்த நாளில் எனக்கு மூன்று கரண்டி கஞ்சித் தண்ணீர் கிடைத்தது. அதில் ஒரு கரண்டி மீந்துபோனது.

வீட்டுக்கு வந்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆனாலும் என் மனைவி தினமும் ஆறு பேருக்கு உலை வைத்துப் பழகியவள். வீட்டில் இருந்ததில் சின்னப் பானையே அந்த அளவுதான். முதல் நாள் ஒரு இட்லியை நாலாகப் பிட்டு, அதில் இரண்டு துண்டை முப்பது முப்பது தடவை மென்று தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினேன். அவள் மீதி இரண்டு துண்டையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"நான் செஞ்சது பிடிக்கலீங்களா?"

"இடம் இல்லை."

"அந்தத் துண்டுக்குக்கூடவா?"

"அதுக்குந்தான்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். அன்று மாலை பாசாருக்குப் போய்ச் சிறுமிகள் சோறாக்கி விளையாடும் செப்புச் சாமான்களைவிட ஒரு சுற்றே பெரிதான ஈயச் சட்டி ஒன்று வாங்கி வந்தாள். கடைக்காரர், பேத்தியின் விளையாட்டுக்கா என்று கேட்டாராம். "இல்லை, வீட்டுக்காரருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன் என்றாள்.

உடம்பு மாதாமாதம் கரைந்தது. பழைய கால்சட்டைக்குள் நானும் இன்னொரு கிராணியும் சேர்ந்து நிற்கலாம். தையல்காரர் பிடிக்கக்கூடியதைப் பிடித்துக் கொடுத்தார். நாலாவது தடவை கொண்டுபோனபோது, "ஐயா, இதுக்கு மேல பிடிச்சா ரெண்டு பாக்கெட்டும் பின்னால வந்து ஒண்ணா ஒட்டிக்கும்" என்றார்.

ஊரில் என் நோய்க்குப் பல பெயர்கள். காசம் என்றார்கள். சர்க்கரை என்றார்கள். செய்வினை என்றார் ஒருவர்; அவருக்குத் தெரிந்த ஒருவரை வைத்து எடுத்துவிடலாம் என்றும் சொன்னார். எடுக்க வேண்டியதை டாக்டர் ஏற்கனவே எடுத்துவிட்டார் என்றேன். ஆபீசில் அந்தத் தேக்கு நாற்காலியை ஸ்டோருக்கு அனுப்பிவிட்டு எனக்குச் சாதாரண நாற்காலி போட்டார்கள். வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்த சமயம் அது. அவர்கள் இடத்துக்கு நம்மவர்களைப் போட்டார்கள். முன்பு துவான் இடத்துக்கு என் பெயரைச் சொன்னவர்கள் இப்போது, "அந்தச் சீட்டுக்கு ஒரு தோரணை வேணுமே" என்று இழுத்தார்கள். வேலை செய்தது என் தலை என்று நான் இத்தனை நாள் தப்பாக நினைத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டு அம்மாள்தான் நேரே கேட்டார். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறிய மலாக்காச் செட்டி சமூகம். அவர்கள் வீட்டில் பேச்சு மலாய்தான். நடுநடுவே நம் சொல் இரண்டு மூன்று விழும். வேலிப் பக்கம் என்னைக் கண்டதும், "மாமா, பாடான் பெகி மானா?" என்றார். உடம்பு எங்கே போனது என்று கேட்கிறார். என் மனைவி மலாயில் விளக்கினாள், சாஸரையும் கொண்டுவந்து காட்டினாள். அவர்கள் வீட்டில் வருடத்துக்கு இரண்டு முறை இறந்துபோன முன்னோருக்கு இலை போட்டுப் படைப்பார்கள். அந்த அம்மாள் சாஸரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, செத்துப்போன எங்கள் மாமனார்கூட இதைவிட அதிகமாகச் சாப்பிடுகிறார் என்றார். எனக்கு ஆபரேஷன் ஆன பிறகு என் மனைவி முதல் தடவையாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆறு மாதம் கழித்து டவுனில் ஜாலான் துக்காங் எமாஸ் என்ற தெருவில் ஒரு செட்டிநாட்டுக் குடும்பத்தில் கல்யாணம். போக வேண்டாம் என்றாள் மனைவி. முதல் இலை காலியாக இருந்தால் நன்றாக இருக்காது என்றேன். எனக்கு அந்த இலை மேல் இருந்த ஆசையை அப்படிச் சொன்னேன்.

அதே சமையல்காரர்தான். பதினைந்து வருடமாக மலாக்காவின் பெரிய பந்திகள் எல்லாம் அவர் கைதான். என்னைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது அவருக்கு. "கிராணியாரே, இன்னைக்கு உங்களப் பழைய ஆளா ஆக்கிடறேன்" என்று சொல்லிவிட்டு, தானே கரண்டி பிடித்து இலை நிறையப் பரிமாறினார்.

நாலு வாய் சாப்பிட்டேன். வயிறு நிறைந்துவிட்டது. இலையில் மலை மாதிரி அப்படியே இருந்தது. வரிசை முழுதும் என் இலையைப் பார்த்தது. பெண்ணின் தகப்பனார் ஓடி வந்தார்.

"என்ன குறைங்க?"

"ஒரு குறையும் இல்லீங்க. வயிறு சின்னது."

"அப்ப இனிப்பாச்சும் ஒரு வாய். பொண்ணு கல்யாணங்க."

ஒரு ஜாங்கிரியும் அரை டம்ளர் பாயசமும் சாப்பிட்டேன். டாக்டர் எதைக் கூடாது என்று சொன்னாரோ அதையே, யாரோ ஒருவருடைய பெண்ணின் மனம் நோகக்கூடாது என்று சாப்பிட்டேன். கால் மணி நேரம் ஆகவில்லை. நெஞ்சு தறிகெட்டு அடித்தது. வேர்த்து ஊற்றி, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எழுந்து நாலு அடி வைத்தவன் மணவறைக்குப் பக்கத்தில் விழுந்தேன்.

அது வயிறு சிறுத்தவர்களுக்கு வரும் சாதாரண மயக்கம். படுத்தால் அரை மணியில் தெளிந்துவிடும். ஆனால் அதை எடுத்துச் சொல்ல வேண்டிய நானே தரையில் கிடந்தேன். சாப்பாட்டில் ஏதோ விழுந்துவிட்டது என்று யாரோ சொல்ல, இரண்டாம் பந்தி மொத்தமும் இலையை விட்டு எழுந்தது. ஒருவர் கிணற்றடிக்குப் போய் வாயில் விரல் விட்டு வாந்தி எடுத்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் எடுத்தார்கள். அதனால் நஞ்சு உறுதியாகிவிட்டது. நான் தெளிந்து உட்கார்ந்தபோது, பெண்ணின் தகப்பனார் சமையல்காரரைப் பார்த்து, "என்னத்தய்யா போட்டே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை சமையல்காரர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"என் சாப்பாட்டுல என்ன குத்தம்? அத மட்டும் சொல்லுங்க."

நான் டாக்டர் போட்ட படத்தை எடுத்து வந்து காட்டினேன். புண், வலி, சாப்பிட்டால் அடங்கும் விதம், ஆபரேஷன், இனிப்பு என்று எல்லாம் சொன்னேன். கடைசி வரை கேட்டார். பிறகு அந்தப் பெரிய பையின் மேல் விரல் வைத்தார்.

"அப்ப இத்தன வருஷமா நீங்க மூணு தடவ சோறு வாங்கிச் சாப்பிட்டது, வலிக்கா?"

"ஆமா."

"என் சாம்பாருக்கு இல்ல."

நான் படத்தை அவர் விரலடியிலிருந்து எடுத்து மடித்தேன்.

"கிராணியாரே, ஒண்ணு கேக்கறேன். என் சாம்பார் எப்படி இருக்கும்?"

யோசித்தேன். பத்து வருடம், எத்தனையோ பந்தி. சூடாக இருந்தது நினைவுக்கு வந்தது. நிறைய இருந்தது நினைவுக்கு வந்தது. ருசி வரவில்லை.

"ஞாபகம் இல்லை" என்றேன்.

என் மனைவி கொண்டுவந்த தேத்தண்ணியைத் தொடாமல் அவர் போய்விட்டார். "ஒரு பொய் சொன்னா வயித்துல எடம் பத்தாதா?" என்று அவள் கேட்டாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அதன் பிறகு இரண்டு கல்யாணத்தில் சமையல்காரரை மாற்றிவிட்டார்கள். சுதந்திர நாளுக்குக் காஜா பேராங் கமிட்டி ஒரு பெரிய விருந்துக்கு ஏற்பாடு செய்தது. பழைய பெயரை வைத்து என்னைச் சாப்பாட்டுப் பொறுப்பில் போட்டிருந்தார்கள். கமிட்டித் தலைவர் துணிக்கடைக்காரர். எதையும் மரியாதையாகச் சொல்லி முடித்துவிடுவார். இந்தச் சமையல்காரர் வேண்டாம், வேறு ஆள் பார்க்கலாம் என்றார். தப்பு அவர் மேல் இல்லை, என் வயிற்றின் மேல் என்று எழுந்து நின்று விளக்கினேன். படத்தையும் கொண்டுபோயிருந்தேன். காகிதம் கையிலிருந்து கைக்குப் போய்ச் சுற்றி வந்தது.

"உங்க நல்ல மனசு எங்களுக்குத் தெரியுங்க" என்றார் தலைவர். "ஆனா மூடி மறைக்க வேணாம். நாடு சுதந்திரம் வாங்குற அன்னைக்கு யாராச்சும் மயங்கி விழுந்தா நல்லாவா இருக்கும்?"

"நானே முதல் இலையில உக்காந்து சாப்பிட்டுக் காட்டறேன். நான் எழுந்து நடந்து போனா ஒத்துக்குவீங்களா?"

அவர்களுக்கு அது பிடித்திருந்தது. கொடி ஏற்றத்துக்கும் பேச்சுகளுக்கும் நடுவே பார்க்க ஒன்று கிடைக்கும் அல்லவா?

அன்று மாலையே சமையல்காரர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் அடுப்பிலிருந்த சட்டியை இறக்கி வைத்தார். பிறகு, "ஆயிரம் பேருக்குச் சமைப்பேன். ஒரு ஆளுக்குச் சமைக்கத் தெரியாது. அதுவும் ஒரு சாஸர்" என்றார்.

ஆனாலும் பழகினார். ஞாயிறுதோறும் தூக்குச்சட்டி ஒன்றில் கொண்டுவருவார். முதல் தடவை கொண்டுவந்தது நாலு பேருக்குக் காணும். இரண்டாவது தடவை இரண்டு பேருக்கு. மூன்றாம் ஞாயிறு என் மனைவி தன் ஈயச் சட்டியை அவரிடம் கொடுத்தனுப்பினாள். நான் சாஸரை மடியில் வைத்துக்கொண்டு மெல்லுவேன். அவர் எதிரே உட்கார்ந்து என் தாடையையே பார்த்துக்கொண்டிருப்பார். வலி போய்விட்டதால் அவசரம் இல்லை. முப்பது தடவை மெல்லும்போது வாயில் வேறு வேலையும் இல்லை. நாற்பது வயதில் நான் முதல் தடவையாகச் சாம்பார் சாப்பிட்டேன்.

"எப்படி?" என்றார்.

"பெருங்காயம் தூக்கலா இருக்கு."

அவர் முகம் மாறிவிட்டது. "பதினஞ்சு வருஷமா இதே கைதான். ஒருத்தர் சொன்னதில்ல."

"ஒருத்தரும் சொல்லமாட்டாங்க. நான் தலையாட்டிட்டேன்ல."

தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போனவர் மூன்று வாரம் வரவில்லை. நான் எதற்கு வாயைத் திறந்தேன் என்று மனைவி மறுபடி கேட்டாள். முன்பு பொய் சொல்லச் சொன்னாயே என்றேன். அதைத்தான் இப்பவும் சொல்கிறேன் என்றாள். நாலாவது ஞாயிறு அவர் வந்தார். சட்டியைத் திறந்து வைத்தார். மென்று பார்த்தேன். பருப்பு தெரிந்தது, புளி தெரிந்தது, முருங்கைக்காய் எங்கோ பின்னால் தெரிந்தது. நான் தலையை ஆட்டவில்லை. "இன்னும் ஒரு கரண்டி போடுங்க" என்றேன். எனக்கு இடம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். போட்டார். அதையும் சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் படுத்திருந்தேன்.

சுதந்திர நாள் வந்தது. காலையில் மழைத் தூறல், பிறகு வெயில். பள்ளிக்கூடத் திடலில் பந்தல் போட்டு, கொடி ஏற்றி, நாலு பேர் பேசி முடித்தார்கள். பந்தி தொடங்கியது. முதல் இலையில் நான். சமையல்காரர் என் இலையில் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி முனையளவு வைத்தார். இனிப்பை வைக்கவே இல்லை. நான் மெல்ல ஆரம்பித்தேன்.

ஒரு விஷயத்தை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. எங்கள் ஊர்ப் பந்தியில் முதல் இலைக்காரர் எழும்வரை அந்த வரிசையில் யாரும் எழக்கூடாது. முன்பெல்லாம் கடைசியாக முடிப்பவனும் நான்தான், ஆனால் மற்றவர்களும் பக்கத்தில் ஈடுகொடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இப்போது எல்லோரும் மோர் குடித்து இலையை மூடிவிட்டார்கள். நான் அப்போதுதான் கத்தரிக்காய்க்கு வந்திருந்தேன். ஐம்பது பேர் கையில் சோறு காய, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்தலுக்கு வெளியே இரண்டாம் பந்திக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் சத்தமாகவே, "இன்னும் உயிரோடதான் இருக்காரு" என்று பின்னால் நின்றவர்களுக்குச் சொன்னார்.

தலைவர் குனிந்து என் காதில் சொன்னார். "ஐயா, போதுங்க. ஒத்துக்கிட்டோம். எழுந்திருங்க."

"ரசம் இருக்கு" என்றேன்.

முக்கால் மணி நேரம் கழித்து எழுந்தேன். கை கழுவினேன். திடலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன். இரண்டாம் பந்தி ஓடிப்போய் உட்கார்ந்தது. யாரும் விழவில்லை. சமையல்காரர் அண்டாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். புகை என்று பிறகு சொன்னார்.

அவருக்குப் பழையபடி கல்யாணங்கள் வந்தன. ஆனால் சாம்பார் பற்றி மட்டும் ஒரு குறை நின்றுவிட்டது. முந்தி மாதிரி மணம் இல்லை, சுதந்திரம் வந்ததும் சாம்பார் கெட்டுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அவர் ஒரு வருடம் தாக்குப்பிடித்தார். பிறகு ஊருக்குப் பழைய அளவிலேயே பெருங்காயத்தைப் போட்டார். எனக்கு வரும் தூக்குச்சட்டியில் மட்டும் குறைத்துப் போட்டார். முதல் இலைக்குக் கமிட்டி, புக்கிட் காதில் என்ற ஊர்ப்பக்கத்து லாரிக்காரர் ஒருவரைப் பார்த்து வைத்தது. நல்ல உடம்பு. வேகமாகச் சாப்பிடுவார், தலையும் ஆட்டுவார். ஆபீசில் வெள்ளைக்காரர் இடத்துக்கு ஜொகூரிலிருந்து ஒருவர் வந்தார். அவரும் உடம்புள்ளவர்தான். ஸ்டோரிலிருந்து தேக்கு நாற்காலியை எடுத்துத் துடைத்துப் போட்டார்கள்.

எனக்கு மிஞ்சியது ஆறு வேளைச் சாப்பாடு. அதில் ஒரு சங்கடம் இருந்தது. நான் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவது என்பது என் மனைவியின் வழக்கம். மூன்று வேளையாக இருந்தவரை அது நடந்தது. இப்போது வீட்டில் இருக்கும் நாட்களில் நான் ஒரு வேளையை மென்று முடித்துப் படுத்து எழுவதற்குள் அடுத்த வேளைக்குச் சட்டி ஏற்ற வேண்டியிருந்தது. அவளுக்குச் சாப்பிட நேரமே இல்லை என்பது எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பதினோரு மணி வேளைக்கு எனக்குச் சாஸரை வைத்தவள், இன்னொரு தட்டில் தனக்கும் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

"பசிக்குது" என்றாள். அவ்வளவுதான்.

இருவரும் சாப்பிட்டோம். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவள் சாப்பிடுவதை நான் பார்த்ததில்லை. சின்னச் சின்னக் கவளமாக எடுத்தாள். கத்தரிக்காய்த் துண்டுகளை மட்டும் தட்டின் ஓரமாக ஒதுக்கிக்கொண்டே வந்தாள்.

"உனக்குக் கத்தரிக்காய் பிடிக்காதா?"

"சின்ன வயசிலேருந்தே பிடிக்காது."

"தினம் செய்றியே."

"நீங்கதானே நாலு தடவ வாங்கிச் சாப்பிடுவீங்க" என்றாள், வாயில் சோற்றோடு.

அடுத்த நாள் பாசாருக்கு நானே போனேன். என்ன காய் வாங்குவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு திரும்பி வந்து, உனக்கு என்னதான் பிடிக்கும் என்று அவளைக் கேட்டேன்.